வலது கன்னம்

நகுரு வண்டிநிலையத்தில் எல்டோரெட் போகும் வண்டி வரிசைக்குச் சீட்டுக் கொடுப்பவள் நான். அந்த வரிசையில் பன்னிரண்டு வருடமாக மத்தாத்து என்னும் பயணிகள் வேன் ஓட்டியவள் செலகாத். வயது நாற்பத்தாறு. புருஷன் இல்லை, ஒரே மகள் ஜெரோப் நைரோபியில் வேலை பார்த்தாள். காலை ஏழு மணிக்கு ஆள் நிரப்பிக் கிளம்புவாள் செலகாத். மூன்று மணிக்கு எல்டோரெட்டிலிருந்து திரும்பக் கிளம்புவாள். வருடம் முழுவதும் இதேதான்.

அவளுடைய வலது கன்னத்தில் ஒரு கருந்திட்டு விழுந்தது. முதலில் கட்டைவிரல் அளவு. ஒரு வருடத்தில் கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை இறங்கிவிட்டது. இடது கன்னம் பழையபடியே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒரு முகத்தையும், காசு கொடுக்க ஜன்னலுக்கு வந்தவர்கள் இன்னொரு முகத்தையும் பார்த்தார்கள். கேலிப் பேச்சும் வந்தது. செலகாத் சிரித்துக்கொண்டே கியரை மாற்றிவிடுவாள்.

ஆனால் வீட்டில் அவள் சும்மா இருக்கவில்லை. சந்தையில் பெயர் ஒட்டாத ஒரு டியூப் வாங்கினாள். தோலை உரிக்கும் திரவம் ஒன்றும், சுருக்கத்துக்கென்று மருந்துக்கடையில் கொடுத்த கிரீம் ஒன்றும் சேர்ந்துகொண்டன. படுக்கப் போகுமுன் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடவினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. ஜெரோப் பள்ளியில் படிக்கும்போது ஒளித்துவைத்திருந்த வெளுப்பு கிரீமைக் கண்டுபிடித்து, அதைக் கழிப்பறைக் குழியில் எறிந்து, பெண்ணையும் அடித்து, கடவுள் கொடுத்த தோலை உரித்து விற்கப் பார்க்கிறாள் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னவள் அவள்.

கடைசியில் லேசர் வைத்துத் திட்டை எடுக்கும் டாக்டர் அச்சோலாவிடம் போனாள். முகத்தில் என்ன தடவுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, வாசலின் மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே முதல் லேசர் வைத்தார்கள். மூன்றாம் நாள் கன்னம் உரிந்து நீர் வடிந்தது. இரண்டு வாரத்தில், முன்பிருந்ததைவிடக் கறுத்து, அடிப்பிடித்த பானை போல ஆகிவிட்டது. தலைத்துணியை முகத்தோடு சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டினாள்.

சண்டை போடப் போகிறேன், கூட வா என்று என்னை அழைத்தாள். போனேன்.

"திட்டை எடுக்கத்தான் வந்தேன். நீங்க இன்னும் கொஞ்சம் பூசி அனுப்பிட்டீங்க" என்றாள். குரலில் சண்டைக்கான தெம்பு இல்லை.

டாக்டர் விளக்கை இழுத்து அவள் கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். "வாசலின் போட்ட தோல் இவ்வளவு மெலிஞ்சு போகாதும்மா. என்னென்ன தடவினீங்க, சொல்லுங்க."

செலகாத் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து மூன்று டியூப்களையும் மேஜையில் வைத்தாள்.

"இது ரெண்டும் தப்பில்லை, ஆனா தோலை உரிச்சுப் புதுசாக்குறது. லேசருக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும். இந்தப் பேரில்லாதது என்னன்னு எனக்கே தெரியலை. இது மூணும் சேர்ந்து புண்ணாக்கி வச்ச இடத்துல நான் சூடு வச்சிருக்கேன்."

"அப்ப தப்பு என்னோடதுதான்."

"நானும் ரெண்டாம் தடவை கேட்டிருக்கணும். கேக்கலை" என்றார் டாக்டர்.

அன்று மாலை அவள் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். ஜெரோப் திட்டவில்லை. "நீ அடிச்சதெல்லாம் மறந்து போச்சும்மா. தெருவுல சொன்னியே, அதுதான் மறக்கலை" என்றாளாம். மறுநாள் இதை என்னிடம் சொல்லும்போது செலகாத் ஸ்டீரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் வெறும் வெயில்காப்பு கிரீம் மட்டும். பிறகு இரவுக்கு டாக்டர் கொடுத்த ஒரே ஒரு கிரீம். லேசருக்கு ஒரு வாரம் முன்னால் அதை நிறுத்த வேண்டும், தோல் ஆறியபின் மறுபடி தொடங்க வேண்டும். லேசரும் முன்பைவிடக் குறைந்த சூட்டில், மாதத்துக்கு ஒன்று. காலண்டரில் நிறுத்தும் நாள், தொடங்கும் நாள் என்று குறித்து வைத்தாள். வெயில்காப்பு கிரீம் முகத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும். "உகாலி மாவு கிண்டுன கையை முகத்துல துடைச்சுட்டு வந்துட்டியா அக்கா?" என்று ஒரு பயணி கேட்டான். "ஆமா, உனக்குப் பங்கு இல்லை, ஏறி உக்காரு" என்றாள்.

இரண்டு லேசர் முடிந்தும் பெரிய மாற்றம் இல்லை. வண்டியில் காலையில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று டாக்டர் கேட்டார். என் பக்கம் என்றாள். திரும்பி வரும்போது?

செலகாத் கண்ணை மூடி மனதுக்குள் அந்தச் சாலையை ஓட்டிப் பார்த்தாள். "அதுவும் என் பக்கம்தான்."

அத்தனை வருடம் சீட்டுக் கிழித்த எனக்கும் இது தோன்றியதில்லை. காலையில் வடமேற்கே போகும்போது கிழக்கு வெயில் வலது ஜன்னலில். மாலையில் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே ஜன்னலில்.

நைரோபி சாலை நேரெதிர். காலையிலும் மாலையிலும் ஓட்டுநருக்கு நிழல். ஆனால் அந்த வரிசைக்கு ஆண்களுக்குள்ளேயே போட்டி. முகத்துக்காக வரிசை மாற்றச் சொன்ன முதல் ஆள் நீதான் என்று ஓட்டுநர் சங்கத் தலைவர் சிரித்தார். அவள் வாதாடவில்லை. எல்டோரெட்டிலிருந்து வந்ததும் தினமும் அவர் அறை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஐந்தாவது வாரம் அவருக்கே சலித்துப்போய், வரிசை மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஆறாவது லேசர் அன்றும் நான் கூட இருந்தேன். திட்டு பாதிக்கு மேல் மங்கிவிட்டது, இன்னும் இரண்டு முறை வைத்தால் நன்றாகத் தெளியும் என்றார் டாக்டர். செலகாத் கையில் கண்ணாடி கொடுத்தார். அவள் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"போதும் டாக்டர். மீதி இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அலுத்துப் போச்சு."

வெயில்காப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் திரும்ப வரும் என்றார் டாக்டர். தலையாட்டினாள். அதை அவள் விடவில்லை. இப்போது நைரோபி நெரிசலில் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போகிறது. இருட்டும் நேரத்துக்கு வந்து சேருகிறாள். ஆட்கள் எல்லோரும் இறங்கிப் போனபின், இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் இருக்கையிலேயே சாய்ந்திருக்கிறாள். நான் சீட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு போகிறேன்.