குளத்துக்கு இறங்காத பசளை

பசளைக் கடையில் நிற்பவனுக்குப் பேச்சு அவசியமில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும். கூச்சக்காரனான நான் அதை நம்பித்தான் வேலணையில் எங்கள் கூட்டுறவுச் சங்கக் கடை வேலைக்கு வந்தேன். விற்க வேண்டிய சாமானை “வேண்டாம்” என்று சொல்லி அனுப்பும் நிலை உங்களுக்கும் வந்திருந்தால், இந்த மாரிக்கு முன் நான் பட்ட பாடு விளங்கும்.

கடை முற்றத்துக் கூட்டம்

அன்று இருந்தவர்கள்: மண் பரிசோதனை முடிவோடு வந்த விவசாயப் போதனாசிரியர், வெங்காயம் செய்கிற நல்லதம்பி அண்ணை, வேறு நான்கு தோட்டக்காரர், மாடு வளர்க்கிற பூமணி அக்கா, நான். எட்டுப் பேருக்கு ஏழு கதிரை. நான் நின்றேன்.

கவலை பூமணி அக்காவுக்குத்தான். போன மாரியில் தோட்டத்து வெள்ளம் இறங்கிய குளம் பாசி பிடித்து நாறியது. அவருடைய ஒன்பது மாடும் அதில் வாய் வைக்கவில்லை. கிணற்றில் அள்ளி ஊற்ற இனி ஏலாது. இந்த முறையும் அப்படியென்றால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

எங்கள் சுண்ணாம்பு மண் பசளையிலுள்ள பொசுபரசுச் சத்தை இறுக்கிப் பிடிக்குமாம். பயிர் எடுக்காத மிச்சம் வருடா வருடம் மேல்மண்ணில் சேருமாம். “யாழ்ப்பாண பஸ் மாதிரி” என்றார் போதனாசிரியர். “சீற் நிரம்பினாப் பிறகு ஏத்திறதெல்லாம் மிதிபலகையிலை. மழை ஒரு குலுக்குக் குலுக்கினா மண்ணோடை குளத்துக்கை விழும். பாசிக்கு அதுதான் தீனி.” ஆகவே இந்தப் போகத்துக்கு இந்தத் தோட்டங்களுக்குப் பொசுபரசு கொடுக்கிற ரி.எஸ்.பி. பசளை வேண்டாம் என்றார்.

நல்லதம்பி அண்ணை யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப என்ரை தோட்டத்துக்கு இவ்வளவு காலமும் கொண்டக்டர் இல்லை.”

வேண்டாம் என்று விற்றது

அடுத்த கிழமை அதே அண்ணை வந்து, வழக்கம்போல நான்கு மூட்டை ரி.எஸ்.பி. கேட்டார். நான் தராசைப் பார்த்தபடி, “யூரியா தரலாம். மற்றது வேண்டாமாம்” என்றேன்.

“ஆர் சொன்னது?”

“நீங்களும் இருந்தனீங்கள்தானே அண்ணை.”

“இருந்தனான். பழகின கை கேக்குது.”

ரி.எஸ்.பி. அடுக்கை ஒருதரம் தட்டிப் பார்த்தார். கடைசியில் யூரியாவை மட்டும் சைக்கிளில் கட்டினார். போகும்போது சொன்னது: “சாப்பாட்டுக் கடையிலை ‘உங்களுக்கு வயிறு நிரம்பிட்டுது, எழும்புங்கோ’ எண்டு சொன்ன மாதிரிக் கிடக்கு.”

பட்டி நின்ற மூலை

போதனாசிரியர் தோட்டம் பார்க்க வந்தபோது நானும் போனேன். பூமணி அக்காவின் மாடுகளை இரவில் நல்லதம்பி அண்ணையின் தோட்டத்தில் பட்டி அடைப்பது இரண்டு வீட்டுக்கும் உள்ள ஒழுங்கு. சாணமும் சலமும் தோட்டத்துக்கு; அண்ணையின் வயல் வைக்கோல் மாட்டுக்கு.

பொசுபரசு ஆகக் கூடின இடம் எது என்று கேட்டோம். போதனாசிரியர் குளக்கரை மூலையைக் காட்டினார். விடிந்ததும் தண்ணீருக்கு நடக்க லேசு என்று அக்கா எப்போதும் பட்டி அடைத்த மூலை அது. சாணத்திலும் பொசுபரசு உண்டாம்; அதன் மேல்தான் அண்ணை ரி.எஸ்.பி. மூட்டையும் கொட்டியிருந்தார்.

அண்ணை அக்காவைப் பார்த்தார். பிறகு அக்கா சிரிக்கத் தொடங்கி, நிற்க ஏலாமல் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டார். “அப்ப என்ரை மாடுகள் குளத்தோடை கோவிக்கேல்லை, தங்களோடைதான் கோவிச்சிருக்குதுகள்.”

பத்தாவது ஆள்

பட்டி மேட்டுப் பக்கம் மாறியது. குளத்துக்கும் பாத்திக்கும் நடுவே புல்லை வெட்டாமல் அகலமாக விட்டார்கள். மழை விடாமல் பெய்தபோது குடையோடு போய்ப் பார்த்தேன். கலங்கல் தண்ணீர் புல்லுக்குள் நுழைந்து, மண்ணை இறக்கிவிட்டு மெல்ல வடிந்தது.

தை மாதத்தில் குளத்தின் ஓரத்தில் கொஞ்சம் பாசி, நடுவில் தெளிவு. முதலில் ஒரு இளம் பசு வாய் வைத்தது. பிறகு ஒன்பதும் வரிசையாக நின்று குடித்தன. வெங்காயமும் குறையவில்லை.

“பூமணி, இதுகள் குடிக்கிற வடிவைப் பாக்க எனக்கும் குனிஞ்சு குடிக்க வேணும் போலை கிடக்கு” என்றார் நல்லதம்பி அண்ணை.

“குடியுங்கோ அண்ணை. ஆனா பத்தாவதா நில்லுங்கோ.”

விற்றதை எண்ணிப் பெருமைப்படுகிற இந்தத் தொழிலில், நான் இந்த முறை இரண்டு தரம் சந்தோசமாக எண்ணியது விற்காமல் மிஞ்சிய ரி.எஸ்.பி. மூட்டைகளைத்தான்: பதினேழு.