வெட்டாத வேலி

அக்கா. முதலில் உன்னைக் கூப்பிட்டுவிடுகிறேன். நீ இருக்கும்போது வேலைக்கு நடுவில் நூறு தடவை கூப்பிடுவேன், எதற்குக் கூப்பிட்டேன் என்று மறந்துபோய் நிற்பேன். இப்போது மறக்கவில்லை. உன்னைப் பற்றி எல்லோருக்கும் சொல்லப் போகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் சிரிக்காதே.

எங்கள் ஊர் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில். அப்பா இல்லை. அம்மா, அக்கா, நான். கீழிருந்து வேலைக்கு வந்த நர்ஸம்மாவோடு பழகித்தான் அக்கா மாதா கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். அவள் பின்னாலேயே நானும் போனேன். இருவரும் ஒன்றாக ஞானஸ்நானம் வாங்கினோம். அம்மா இன்றைக்கும் பழைய சாமிக்குத்தான் விளக்கு வைக்கிறாள். அதனால் வீட்டுக்குள் சண்டை வந்ததில்லை. சண்டை வெளியில்தான்.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, பக்கத்தில்தான் இருக்கிறார். அவருடைய மிளகுத் தோட்டத்து ஓரமாகத்தான் நாங்கள் ரோட்டுக்குப் போவோம். நாங்கள் ஞானஸ்நானம் வாங்கிய வாரமே அந்தத் தடத்தை மறித்துக் கம்பி வேலி போட்டுவிட்டார். அக்கா போய்க் கேட்டாள்.

"உங்க சாமி தண்ணி மேலயே நடந்தாராமா. உங்களுக்கு எதுக்குத் தடம்?" என்றார்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்கு அன்றிலிருந்து அவர் பல்லைப் பார்த்தாலே கை அரிக்கும். ஐந்து நிமிஷத்தில் போன ரோட்டுக்கு மேட்டைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடந்தோம்.

அக்காவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. ஒரு நாள் ரேஷன் கடையில் ஒரு பெண் வரிசைக்கு நடுவில் புகுந்தாள். நான் வாயைத் திறந்ததும் அக்கா இடுப்பில் கிள்ளினாள்.

"பேசாத இரு புள்ள. இங்க நம்ம ரெண்டு பேருதான் வேதக்காரங்க. நீ கத்துனா உன்னையச் சொல்ல மாட்டாங்க. வேதக்காரங்களே இப்படித்தான்னுவாங்க."

"அப்ப நான் எங்கதான் போயிக் கத்தறது?"

"ஊட்டுக்கு வந்து என்னையக் கத்து."

போன ஆடிக் காற்றில் பெரியப்பா தோட்டத்து மிளகுக் கொடிகள் மரத்தைவிட்டுச் சரிந்து தொங்கின. அந்தச் சமயம் அக்காவின் பச்சைச் சேலையைக் காணவில்லை. கேட்டதற்கு, "கிழிஞ்சு போச்சு புள்ள" என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

தை மாதம் எங்கள் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தோம். அக்காவின் காலில் விரியன் கடித்தது. அம்மாவும் நானும் அவளைத் தாங்கி வேலிவரைக்கும் கொண்டுவந்தோம். அந்தப் பக்கம் ரோடு தெரிகிறது. நான் இடுப்பில் செருகியிருந்த கொடுவாளை உருவி வேலிமேல் ஓங்கிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"வெட்டாத. நாளைக்கு அதையே சொல்லிக்கிட்டுத் திரிவாங்க. நான் நடக்கறேன், சுத்திப் போலாம்."

அவள் சொல்லிக் கேட்டே பழகியவள் நான். கேட்டுவிட்டேன். மேட்டில் பாதி ஏறுவதற்குள் அவளுக்குக் கண் சொருகியது. அப்புறம் தூக்கிக்கொண்டு போனோம். ஜீப்பில் ஏற்றும்போது கை குளிர்ந்திருந்தது.

பெரியப்பா அடக்கத்துக்கு வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையில் அதே கொடுவாளை எடுத்துக்கொண்டு மேட்டைச் சுற்றிப் போய், ரோட்டுப் பக்கமாக அவர் தோட்டத்துக்குள் நுழைந்தேன். மிளகுக் கொடியை அடியில் வெட்டினால் உடனே தெரியாது. நாலைந்து நாள் பச்சையாகவே நிற்கும், அப்புறம்தான் வாடும். வியாதி என்றுதான் நினைப்பார்கள். எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் திரும்புவது என்று போனேன். மூன்று கொடி வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் உடம்புக்கு இதமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

நாலாவது கொடி மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வாழை நாரில் இல்லை, பச்சைத் துணியில். ரெட்டை முடிச்சு, நுனி உள்ளே செருகியிருந்தது. அக்கா எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவாள். அந்த வரிசை முழுக்க அவள் சேலைதான். தடத்தை அடைத்தவனின் கொடியைக் கட்ட, மேட்டைச் சுற்றி நடந்து வந்திருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அவளைத் திட்டினேன். பெரியப்பாவை அல்ல, அவளைத்தான். கொடுவாளைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, உங்க கொடியிலயும் வாடல் விழுந்திருக்குதா?"

மரியாதை இல்லாமல் பேசிவிட ஆசைதான். வாய் வரவில்லை.

"வாடல் இல்லீங்க பெரியப்பா. நான்தான் வெட்டுனேன்."

கம்பியைப் பிடித்தார். "வேதக்காரப் புள்ள செய்யற வேலையா இது?"

"அக்காதானுங்க வேதக்காரி. நான் இன்னும் ஆகல."

"அப்ப மிச்சத்த எதுக்கு உட்ட?"

"பச்சத்துணி கட்டியிருக்குதுங்களே, பாக்கலீங்களா?"

"அது கூலி ஆளு கட்டுனது."

"ஆளு இல்லீங்க. அக்கா கட்டுனது. அவ சேலைதானுங்க அது. அன்னிக்குப் பாம்பு கடிச்சப்ப இந்த வேலிய வெட்ட வந்தனுங்க. அவதான் வேண்டாம்னுட்டா."

அவர் கை கம்பியிலேயே இருந்தது. அப்புறம் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் மனம் திருந்தி அதைச் சொல்லவில்லை. கொடுவாளைவிட அது ஆழமாக இறங்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் தூக்கம் கெடட்டும் என்று சொன்னேன். கெட்டதா, தெரியாது. கொடி வெட்டியதை அவர் இதுவரை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. துணியையும் அவிழ்க்கவில்லை. வேலி அப்படியேதான் இருக்கிறது. நாங்கள் இன்னும் மேட்டைச் சுற்றித்தான் போகிறோம், அவள் விழுந்த இடத்தைத் தாண்டி.

இதைப் படிக்கிற எல்லோரும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எங்கள் அக்காவுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்காக வேண்டச் சொல்லி என்னால் கேட்க முடியாது. அதை அவள் அங்கே செய்துகொண்டிருப்பாள். நீங்கள் அவளுக்காக மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள்.