தலையணைச் சின்னத்துக்கு ஒரு லீவு

வல்லம் வடகாலில் கார் சீட் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். எத்தனையோ பேர் என்னிடம் லீவு கேட்டு நின்றிருக்கிறார்கள். குமரன் கேட்ட மாதிரி ஒருவரும் கேட்டதில்லை.

குமரன் புதுச்சேரிக்காரன். போல்ட் முறுக்கும் ஸ்டேஷனில் வேலை. அங்கே சட்டசபைத் தேர்தல் வந்தது. நமக்கு ஓட்டு நாள் வேறு, அவர்களுக்கு வேறு. அன்றைக்குப் பார்த்து இங்கே டிஸ்பாட்ச் நெருக்கடி. ஓட்டுப் போட லீவு வேண்டும் என்று வந்து நின்றான்.

மேனேஜர் சிரித்தார். “இன்னாய்யா, இப்ப கீற எம்.எல்.ஏ.தான் மறுபடியும் வருவாருன்னு ஊரே சொல்லுது. நீ ஒருத்தன் போயி இன்னா ஆவப்போவுது?”

அது உண்மைதான். காதுகுத்தோ சாவோ, முதல் ஆளாக வந்து நிற்கிற மனிதராம் அவர்.

“அவரு ஜெயிக்கட்டும் சார். எதுத்து நிக்கிறது எங்க மாமனாரு” என்றான் குமரன்.

கோயில் திருவிழாவில் எம்.எல்.ஏ.வுக்குப் பரிவட்டம் கட்டினார்களாம், பக்கத்திலேயே நின்ற இவருக்குக் கட்டவில்லையாம். அந்தக் கோபத்தில் சுயேச்சையாக நின்றுவிட்டார். தலையணைச் சின்னம்.

“எங்க பூத்துல குடும்ப ஓட்டு எட்டு சார். ஒண்ணு கொறஞ்சாலும், பிரசவத்துக்கு வந்த பொண்ணையும் பேரனையும் அனுப்பமாட்டேன்னுட்டாரு. எனக்கும் எம்.எல்.ஏ.வத்தான் புடிக்கும். ஆனா புள்ளைய நான் இன்னும் மடியில வச்சுக் கொஞ்சல சார்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பெருமாளை நினைத்துக்கொண்டு, “அவன் ஸ்டேஷன்ல நான் நிக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் லைனில் வேலை பிந்தினால் கயிற்றை இழுக்க வேண்டும். உடனே விளக்கு எரிந்து ஒரு பிள்ளையார் பாட்டு ஓடும். குமரன் ஓட்டுப் போடப் போன அன்றைக்கு மதியம்வரை அந்தப் பாட்டு நிற்கவே இல்லை. மேனேஜர் ஓடிவந்தார். “யோவ் கோவிந்தா, இன்னா, கச்சேரி நடத்திகினு கீறியா?” சீட் எப்படியோ லாரி ஏறியது. என் தோள்பட்டைதான் இறங்கிவிட்டது.

ஓட்டு எண்ணினார்கள். எம்.எல்.ஏ. அமோகமாக ஜெயித்தார். குமரனின் பூத்தில் தலையணைக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன குமரன், நடந்ததைத் திரும்பி வந்து சொன்னான். வீட்டில் பெரிய கூத்தாம். அந்த ஒரு ஓட்டு தன்னுடையதுதான் என்று ஆளாளுக்குச் சொன்னார்களாம். மாமியார் எல்லாருக்கும் மேலே, “தாலி கட்டுன புருஷனுக்குப் போடாம நான் வேற யாருக்குப் போடுவேன்?” என்று அழுதாராம்.

மாமனார் தட்டில் கற்பூரம் ஏற்றி நடுவில் வைத்தார். “எனக்குப் போட்டவங்க கையால அணைச்சி சத்தியம் பண்ணுங்க.”

மாமியாருக்கு அடுப்பில் பால் பொங்கும் ஞாபகம் வந்துவிட்டது. மச்சான்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்தது. அவர்கள் பெண்டாட்டிமார் மாமியாருக்கு ஒத்தாசையாக அடுப்படிக்கு ஓடினார்கள். குமரனின் பெண்டாட்டி பிள்ளைக்குத் துணி மாற்றப் போனாள். குமரன் மட்டும் கையை நீட்டினான். அதற்குள் மாமனாரே ஊதி அணைத்துவிட்டார்.

குமரனைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னாராம்: “வேணாம் மாப்ள, எனக்குத் தெரியும். வருஷக்கணக்கா எம்.எல்.ஏ.வுக்கே போட்ட கை என்னுது. உள்ள போனதும் பழக்கத்துல அவரு பட்டனையே அமுக்கிட்டேன். அப்ப அந்த ஒண்ணு உன்னுதுதான். வெளிய சொல்லிடாத.”

அடுத்த வாரமே நல்ல நாள் பார்த்து, மகளையும் பேரனையும் ஒரகடத்தில் குமரனின் அறைக்கு அவரே கொண்டுவந்து விட்டார். நானும் போய்க் குழந்தைக்குத் திருநீறு பூசினேன். லீவுக்கு வழி பண்ணியது நான்தான் என்று தெரிந்து, கிழவர் என் காலில் விழாத குறை.

சூப்பர்வைசராகப் போகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். லீவு கேட்டு நிற்கிறவனிடம் ‘நீ போய் என்ன ஆகப்போகிறது’ என்று மட்டும் கேட்காதீர்கள். அவனுக்கு அங்கே ஆகவேண்டியது என்ன என்று நமக்குத் தெரியாது, பகவானுக்குத்தான் தெரியும்.