கல்யாண விருந்துக்குப் பாட்டு போட்ட கதை

மலேசியாவில் ஈப்போவுக்கு வந்த பிறகுதான் நான் சினிமாப் பாட்டுக்கெல்லாம் பொறுப்பாளி ஆனேன். கரூரில் இருந்தவரை என்னிடம் யாரும் பாட்டைப் பற்றிக் கேட்டதில்லை. பள்ளி ஆண்டு விழாவில்கூட என்னைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார் பாட்டு வாத்தியார். இங்கே கதை வேறு. நான் குடியிருக்கும் குனோங் ராபாட்டில் மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்காரர் என் வண்டிச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே, "அண்ணே, நீங்க ஊர்லேர்ந்து வந்தவரு. அந்தப் பாட்டுல பின்னால ஒரு மலை வருமே, அது எந்த மலை?" என்பார். 'ஊர்' என்றால் இங்கே இந்தியா. அங்கிருந்து வந்தவன் ஊர்க்காரன். ஊர்க்காரனுக்குப் பாட்டு தெரியாது என்று சொன்னால், மீன் விற்பவருக்கு மீன் தெரியாது என்று சொன்ன மாதிரி பார்க்கிறார்கள். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "கொடைக்கானல்" என்பேன். இந்தப் பத்து வருடத்தில் என் கணக்குப்படி தமிழ் சினிமாவின் எல்லா மலையும் கொடைக்கானல்தான்.

இந்தப் பொய்ப் புகழ்தான் என்னை மாட்டிவிட்டது. என் மனைவி கவிதாவின் தம்பி தினேஷுக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, சாயங்காலம் ஹோட்டலில் விருந்து. விருந்துக்குப் பாட்டு யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததும் தினேஷ் என்னைக் காட்டி, "மச்சான்தான் இருக்காரே, ஒரிஜினல் ஊர்க்காரரு" என்றான். கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடவைப்பது என் வேலை. கவிதாவைக் கொடுத்த பிறகு இந்தக் குடும்பம் என்னை நம்பிக் கொடுத்த முதல் பொறுப்பு இதுதான். தலையை ஆட்டிவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு வீடும் ஒரே பாட்டுக்குத் தலையாட்டுகிற வீடுகள் இல்லை. கவிதா வீட்டார் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடாகிவிட்டது, ஆட்கள் டவுனுக்கு வந்துவிட்டார்கள், முனீஸ்வரர் கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. பெண் ஷாலினியோ சிலோன் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர்களின் பேத்தி. அவள் அப்பா சிவபாலன் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். நாம் பேசும்போது பேச்சைக் கேட்காமல் பல்லைப் பார்ப்பார். இந்தக் கல்யாணத்துக்கு வெகுநாள் இழுத்தடித்துத்தான் சம்மதித்தார். சம்மதித்த பிறகும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. என் மாமியாருக்கு அது நெஞ்சில் மீன்முள்ளாக நின்றது. "மனசில்லாமத்தான் குடுக்குறாரு. மனசில்லாம வர்ற பொண்ணு நம்ம வீட்ல எப்படி ஒட்டும்?" என்று என்னிடம் கேட்டார். விருந்தில் ஏதாவது கோணலாகிவிட்டால் அந்த முள் அங்கேயே இருந்துவிடும் என்பது எனக்கும் தெரிந்தது.

சிவபாலன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, கண்ணியமான விருந்தா இருக்கோணும். உந்த உறுமி கிறுமி ஒண்டும் வேண்டாம்." வீட்டுக்கு வந்தால் கவிதாவின் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார். "உறுமி இல்லாத கல்யாணமா? அதுக்கு நா வீட்லயே மீ கோரெங் தின்னுட்டுப் படுத்துக்குவேன் லா." இங்கே எந்தப் பேச்சும் லாவில்தான் முடியும். இருவரிடமும் "ஆகட்டும்" என்றேன். இரண்டு பக்கத்துக்கும் ஆகட்டும் சொல்பவனை இங்கே நல்ல மருமகன் என்கிறார்கள். கரூரில் அதற்கு வேறு பெயர்.

இவர்கள் போக டொரண்டோவிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் ஷாலினியின் சொந்தங்கள், தினேஷோடு வேலை பார்க்கும் மலாய்க்காரர்கள், சீனர்கள், ஷாலினியின் பஞ்சாபித் தோழிகள். ஒலிப்பெட்டிக்காரர் ஆ கியோங் இந்தியர் கல்யாணங்களில் பாட்டு போட்டே தமிழ் கற்றவர். "பாஸ், தமிழ்ப் பாட்டு ரெண்டு வகை. அழுற பாட்டு, குதிக்கிற பாட்டு. எது வேணும்?" என்றார்.

"குடும்பத்தோட உக்காந்து கேக்குற மாதிரி."

"அது அழுற பாட்டு லா" என்று கணினியில் தட்டிக்கொண்டார்.

எல்லா நாட்டுக்கும் பங்கு பிரித்தேன். மெல்பர்ன்காரர்களுக்கு வயலின், தோழிகளுக்கு பாங்ரா, சீனர்கள் கோப்பை தூக்கிக் கத்தும் "யாம் செங்" முழக்கத்துக்கு இடைவெளி, மலாய்க்காரர்களுக்கு அவர்களுடைய ஆட்டப்பாட்டு ஜோகெட். உறுமிக்கு மட்டும் ஒரு ராஜதந்திரம் செய்தேன். போன வருடம் பத்து காஜா கோயில் திருவிழாவில் கைபேசியில் பிடித்துவைத்திருந்த உறுமி மேளத்தில், ரொம்பவும் துடிப்பான ஒரு துண்டை வெட்டி ஜோகெட் தாளத்துக்கு அடியில் ஒளித்துவைத்தேன். சிவபாலனுக்கு அது மலாய்ப் பாட்டாகக் கேட்கும், பெரியம்மாவுக்கு உறுமியாகக் கேட்கும். ஐக்கிய நாடுகள் சபையில் என்னை ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று அன்றைக்கு யோசித்தேன்.

உறுமியில் ஒவ்வொரு சாமிக்கும் ஒவ்வொரு அடி உண்டு என்பது எனக்குத் தெரியாது. கரூர்த் திருவிழாவிலும் மேளம் உண்டு, சாமி வரும், வேப்பிலை வரும். நான் அப்போதெல்லாம் பஞ்சுமிட்டாய் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். நான் வெட்டி எடுத்த அந்தத் துடிப்பான துண்டு, முனீஸ்வரரை வரவழைக்கிற அடி.

விருந்து நன்றாகவே போனது. மீன் வருகிற நேரம் ஜோகெட் ஆரம்பித்தது. மலாய்க்காரர்கள் ஆடத் தொடங்கினார்கள். தாளத்துக்கு அடியிலிருந்து உறுமி எட்டிப்பார்த்ததும், பெரியம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். தலைமுடி அவிழ்ந்தது. எழுந்து நடு மேடைக்கு வந்தார். இத்தனை பிரமாதமாக ஆடும் அம்மாவை டொரண்டோக்காரர்கள் பார்த்ததில்லை போலும். வட்டமாக நின்று கைதட்டினார்கள், படம்பிடித்தார்கள். பத்து காஜா மேசைகளில் மட்டும் எல்லோரும் கைகூப்பி எழுந்து நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் வந்திருப்பது சாமி என்று எனக்குப் புரிந்தது.

ஆ கியோங் பயந்து பொத்தானில் கைவைத்தார். "நிறுத்தாத! பாதியில நிறுத்தக் கூடாது லா!" என்று கத்தினான் தினேஷ். அவர் அதே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பரிமாற வந்த சீனப் பையன் என்ன புரிந்துகொண்டானோ, பானத்துக்கு நறுக்காமல் வைத்திருந்த எலுமிச்சைகளைத் தட்டோடு கொண்டுவந்து நீட்டினான். அந்த மண்டபத்தில் சரியாக வேலை செய்தவன் அவன் ஒருவன்தான்.

"யார்ரா என்னையக் கூப்ட்டது?" என்று கேட்டது சாமி.

பத்து காஜா மொத்தமும் என்னைக் கைகாட்டியது. மாமியார் உட்பட.

"எதுக்குக் கூப்ட்ட?"

கூப்பிட்டவனிடம் ஒரு வேண்டுதலாவது இருக்க வேண்டும். என்னிடம் பாட்டு வரிசைதான் இருந்தது. "சாப்பிடக் கூப்ட்டேன் சாமி" என்றேன்.

"நீ எந்த ஊருடா?"

கரூர் என்று வாய் திறந்தேன். குனோங் ராபாட் என்று முடித்தேன். சாமிக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது. திரும்பி, முதல் மேசையிலிருந்த சிவபாலனுக்கு முன்னால் போய் நின்றது. "மனசோடதான் பொண்ணு குடுத்தியா?"

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிவபாலன் எழுந்து வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்தார், கைகூப்பினார். "ஓம் ஐயா. மனசோடதான் குடுத்தனான். ஒரே பிள்ளை. வீடு வெறிச்சுப் போகுமெண்டு பயந்தனான். அதுதான் சிரிக்கேல்ல." சட்டைப் பையிலிருந்து சின்னத் திருநீற்றுச் சம்புடத்தை எடுத்து, பெரியம்மாவின் நெற்றி நிறையப் பூசினார். சாமி மலையேறியது. மாமியார் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து, "வெறிச்சுப் போவ விடமாட்டோம் சம்பந்தி. வாரவாரம் நீங்க நம்ம வீட்லதான் சாப்புடுறீங்க" என்றார். பெரியம்மா நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "என்னா எல்லாம் என்னையே பாக்குறீங்க? மீனு வந்துருச்சா?" என்றார்.

சிவபாலன் என்னிடம் வந்தார். "தம்பி, நான் வேண்டாமெண்டு சொன்னதுதானே?" மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். குனிந்து உள்ளே பார்த்தார். "கடைசிப் பல்லு ரெண்டும் பழுதாக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்ட வாரும், பாப்பம்." சொல்லும்போது சிரித்தார். அருமையான பல்வரிசை.

அதன் பிறகு மண்டபத்தில் நாட்டுப் பிரிவினை இல்லை. பஞ்சாபித் தோழிகள் பெரியம்மாவிடம் ஆட்டம் கற்றுக்கொண்டார்கள். ஆ கியோங் என்னைக் கூப்பிட்டு, "பாஸ், எல்லார் பாட்டும் போட்டாச்சு. உன் பாட்டு எது?" என்றார். வரிசையைப் பார்த்தேன். டொரண்டோவுக்கு இருந்தது, பத்து காஜாவுக்கு இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. "ஜோகெட்டே போடு" என்றேன், "உறுமி இல்லாம."

அப்போதுதான் கரூரிலிருந்து அண்ணன் வீடியோவில் வந்தான். அங்கே இன்னும் வெயில் இறங்கவில்லை. கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினேன். கால் தானாக ஜோகெட் போட்டது. கை மட்டும் கரூர் மாதிரி மேலே போய் வந்தது. "டேய், என்னடா இது? யாரோ மலேசியாக்காரன் மாதிரி ஆடுற?" என்றான் அண்ணன், மேலிருந்து. கீழே, தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா பக்கத்து மேசைக்குச் சொன்னார்: "எத்தன வருசம் ஆனாலும் பாரு, ஊர்க்காரரு ஊரு மாதிரியேதான் ஆடுறாரு லா."