ஆஸ்பத்திரி இடம்

எல்லையைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம் இருக்கும் ஒரு கல்லூரியில் நகர அமைப்பின் வரலாறு நடத்துகிறேன். அதில் ஒரு பகுதி, சோஷலிச அரசுகள் நகரங்களைக் கட்டிய கதை. பலகையில் முதலில் வீடுகளைப் போடுவேன். நடுவில் பள்ளிக்கூடம், அதை ஒட்டிக் கடை, கொஞ்சம் தள்ளி ஆஸ்பத்திரி. தொழிலாளி எதற்கும் பஸ் ஏறக் கூடாது, எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும், அரசே கட்டித் தரும், அதுதான் திட்டம் என்பேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நடந்தது என்ன என்பதை அடுத்த வகுப்பில் சொல்வேன். வீடுகள் முதலில் வந்தன, ஏனென்றால் ஆலைக்கு ஆள் வேண்டும். மற்றதெல்லாம் அடுத்த திட்டத்தில் வரும் என்றார்கள். பல ஊர்களில் அந்த அடுத்த திட்டம் வருவதற்குள் அரசே போய்விட்டது. இதைச் சொல்ல எனக்குப் புத்தகம் தேவைப்பட்டதில்லை. நான் குடியிருப்பதே அப்படி ஒரு படத்துக்குள்தான்.

ஓசூரில் ஆலைகள் வரத் தொடங்கிய காலத்தில் அரசு கட்டிய தொழிலாளர் காலனி எங்களுடையது. அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து லேத் ஆபரேட்டராக வந்தவர். வீட்டுச் சாவி கொடுத்த அன்று காலனியை வரைந்த அதிகாரி மேடையில் பேசினாராம். ரஷ்யாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவராம், அங்கே பார்த்ததைத்தான் இங்கே வரைந்திருக்கிறேன் என்றாராம். அப்பா அந்தப் பேச்சை இன்றைக்கும் வரி பிசகாமல் ஒப்பிப்பார். காலனி வாசலில் தகரப் பலகையில் வரைபடத்தைத் தீட்டி வைத்திருந்தார்கள். கட்டம் கட்டமாக வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பூங்கா, வாசலை ஒட்டிச் சிவப்புக் கூட்டல் குறி போட்ட பெரிய மனை ஒன்று. அதுதான் ஆஸ்பத்திரி இடம். வீடுகள் வந்தன. பள்ளிக்கூடம் அரைகுறையாக வந்தது. ஆஸ்பத்திரிக்கு அந்தக் கூட்டல் குறியோடு சரி.

வேறு யாராக இருந்தாலும் அந்த மனையை ஆளுக்கொரு மூலையாக வளைத்திருப்பார்கள். எங்கள் காலனிக்காரர்கள் காவல் காத்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து பார்த்தீனியம் பிடுங்க வேண்டும். வராதவர் வீட்டு வாசலில் நாலு பேர் போய் நின்று கூப்பிடுவார்கள். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே எல்லாரும் வந்துவிடுவார்கள். எருமை கட்ட வந்தவரை விரட்டினார்கள். பழைய இரும்புக் கடை போட வந்தவர், ‘ஒந்தே வர்ஷ, சார்’ என்று ஒரே ஒரு வருஷம் கேட்டுக் கன்னடத்தில் கெஞ்சினார். அப்பா தன் அரைக் கன்னடத்தில் அவரையும் அனுப்பி வைத்தார். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடலாம், ஆனால் ஸ்டம்பை நட்டு வைத்துவிட்டுப் போகக் கூடாது. அப்பாவுக்குக் காலனியில் ‘டீன்’ என்று பட்டப்பெயர். கட்டாத ஆஸ்பத்திரிக்கு டீன்.

இதன் உச்சம் பிள்ளையார் விவகாரம். மனையின் நடுவே நின்ற புங்க மரத்தடியில் ஒருநாள் காலையில் ஒரு சின்னப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். யார் வைத்தார்கள் என்று தெரியாது. கொஞ்ச நாளில் விளக்கு வந்தது, அப்புறம் தகரக் கூரை வந்தது. காலனி கூடிப் பேசியது. எதிர் வீட்டுத் தெலுங்கு அக்கா அழாத குறையாக, “சாமிய எடுத்தா நம்ம காலனி நல்லாருக்குமாண்ணா?” என்றார்.

“சாமிக்கு எங்க வேணாலும் இடம் கெடைக்கும்மா. ஆஸ்பத்திரிக்கு இது ஒண்ணுதான இடம்” என்றார் அப்பா. ஐயரைக் கூப்பிட்டு முறையாகப் பூசை செய்து, பிள்ளையாரைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அம்மா முன்னால் விளக்கோடு நடந்தாள். அரசாங்கம் மறந்துபோன ஒரு கூட்டல் குறிக்காகக் கடவுளை வீடு மாற்றியவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். பக்கத்துக் காலனியில் நூலகத்துக்கு விட்ட இடத்தில் ஒரு அம்மன் கோயிலே எழும்பியது. அதைப் பார்த்து எங்கள் ஆட்கள், “அவங்களுக்குப் பொறுப்பில்ல” என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

இப்போது அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லைக்கு அந்தப் பக்கம் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறோம். கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில் கார் நகராது. திரும்பி வரும்போது அம்மா துவைத்துப் போட்ட துணியாகச் சாய்ந்து கிடப்பாள். காலனிக்குள் நுழையும்போது மட்டும் கண்ணைத் திறந்து அந்த மனையைப் பார்ப்பாள். “இது மட்டும் வந்திருந்தா நடந்தே போய்ட்டு வந்துருப்பேன்” என்பாள். எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும்.

போன ஆண்டு அந்த மனையில் அளவெடுக்கும் ஆட்கள் முக்காலியில் கருவியை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ டயாலிசிஸ் வசதியோடு சின்ன ஆஸ்பத்திரி வருகிறது என்று காலனிக்குள் பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். அப்பா அளவெடுத்தவர்களுக்கு வீட்டிலிருந்து மோர் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டார்.

“பாப்பா, நீ பாடம் நடத்துறியே, அந்த ஊர்கள்ல கடைசில ஆஸ்பத்திரி வந்துச்சா?”

“சில ஊர்ல வந்துச்சுப்பா.”

“வராத ஊர்ல, இடத்தைக் காலியா வச்சிருந்தாங்களா?”

“வச்சிருந்தாங்க. அரசு மாறினதும் பல ஊர்ல அதை வித்துட்டாங்க. மால் கட்டிட்டாங்க.”

“அங்க ஆள் காவல் இருந்திருக்க மாட்டாங்க” என்றார் அப்பா.

அடுத்த மாதம் ஒரு அதிகாரி காரில் வந்து இறங்கினார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றார், நானும் கூடப் போனேன். அதிகாரி மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தச் சுத்துவட்டாரத்துல ஆக்கிரமிப்பே இல்லாத கவர்மெண்ட் எடம் இது ஒண்ணுதான் சார். ஒரு குடிசைகூட இல்ல, கோயில்கூட இல்ல. உங்கள மாதிரி ஜனங்க எல்லா எடத்துலயும் இருந்தா எங்க வேலை எவ்வளவு ஈசி!”

அப்பா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சாவி வாங்கிய அன்றும் அப்படித்தான் இருந்திருப்பார். “எத்தனை படுக்கை சார் வருது?” என்று கேட்டார்.

“படுக்கையா?”

“ஆஸ்பத்திரில.”

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “குடோன் சார். கம்பெனிக்கு லீசுக்குக் குடுத்தாச்சு” என்றார். வாசலில் துருப்பிடித்து நின்ற தகரப் பலகையை அப்பா கை நீட்டிக் காட்டினார். அதிகாரி செல்போனில் புதிய வரைபடத்தைத் திறந்து காட்டினார். அதில் வீடுகள் இருந்தன, அரைகுறைப் பள்ளிக்கூடம்கூட இருந்தது. கூட்டல் குறி இல்லை. அதை எப்போதோ எடுத்துவிட்டார்களாம். இடத்தைக் காத்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மனு கொடுத்தோம், ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் காலனியில் கம்பெனிக்காரர்கள் முதலில் அந்த நூலக இடத்தைத்தான் கேட்டார்களாம். கோயில் இருக்கிறது, வம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம்.

போன வாரம் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். காலனி வாசலில் கார் நின்றுவிட்டது. சுற்றுச்சுவருக்கான கான்கிரீட் பலகைகளை ஏற்றிக்கொண்டு ஒரு நீளமான லாரி மனைக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்பா முன் சீட்டில் இருந்தார். புங்க மரம் நின்ற இடத்தில் மரத்தூள்தான் கிடந்தது. அம்மா சன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க” என்றாள். “அன்னைக்கு அந்தப் பிள்ளையார அங்கயே விட்டுருக்கலாம்.”

லாரி உள்ளே போய் ஒரே வளைவில் திரும்பியது. தடுக்க ஒரு கல்கூட இல்லாமல் தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது.