பேனாட் கழித்தெடுத்த சீட்டு

எங்கள் சனம் சீட்டெடுப்பது மூன்று காரியத்துக்கு: வீடு வாங்க, கலியாணம் கட்டிக்கொடுக்க, ஊரில் நிற்கும் தம்பியைக் கூப்பிட. கட்டின மனிசியைப் படிக்க வைக்கச் சீட்டெடுத்தவன் கனடாவின் மொன்ட்ரியால்-நோர் முழுக்கத் தேடினாலும் பேனாட் ஒருவன்தான். அதையும் தன் முறை வரும்வரை காத்திருந்து எடுக்கவில்லை. கழிவு போட்டு, தனக்கு வரவேண்டிய தொகையில் ஒரு நல்ல துண்டை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து, மிச்சத்தை வாங்கிக்கொண்டு வந்தான். பக்கத்து நகரமான லவாலில் ஒரு வீட்டுக்கு முற்பணமாகட்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட சீட்டு அது.

அது 2002. பேனாட் ஒரு உணவகத்தில் சமையல்காரன். அவன் மனிசி மாக்கிரட் உடுப்புத் தொழிற்சாலையில் கொலர் தைத்துக்கொண்டிருந்தாள். மன்னாரில் உயர்தரத்தோடு நின்றுபோன படிப்பு. சட்டத்தில் அவளுக்கு ருசி பிடித்ததற்கு வாடகை வீட்டின் சொந்தக்காரன்தான் காரணம். ஒரு பனிக்காலத்தில் ஹீற்றர் பழுதாகி மகள் ஷெரோன் கோட்டோடு படுத்தாள். திருத்த மாட்டேன் என்று நின்ற அந்த மனிதனை, மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு, வாடகை வழக்கு விசாரிக்கிற இடம்வரை இழுத்துப்போய் வென்றாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கொலர் தைக்க மனம் ஏவவில்லை.

"செஜெப் கல்லூரியிலை சட்ட உதவியாளர் படிப்பு இருக்கு. மூண்டு வரியம்," என்றாள். "பள்ளிக்குப் பெரிசாக் காசில்லை. என்ர சம்பளம்தான் இல்லாமப் போகும். உங்கட வீடு தள்ளிப்போகும். வேண்டாமெண்டாச் சொல்லுங்கோ, விட்டிடுறன்."

பேனாட் பேச்சுக்காரன் இல்லை. ஒரு கிழமை யோசித்துவிட்டு, "நீர் படியும். சீட்டை எடுக்கிறன்," என்றான்.

அவனுடைய அண்ணன் மரியதாசன் லவாலில் சொந்த வீட்டுக்காரர், கணக்கில் புலி. கேள்விப்பட்டதும் வந்து குந்திவிட்டார்.

"டேய், போற சம்பளம், சீட்டுக் கழிவு எல்லாத்தையும் கூட்டிப் பார். பத்து வரியத்துக்கும் இந்தக் காசு திரும்பாது. இந்த வயசிலை படிச்சு என்னத்தை வெட்டி விழுத்தப் போறாள்?"

உள்ளுக்குள் பேனாட்டுக்கும் அதே பயம்தான்.

எடுத்த சீட்டையும் கட்டி முடிக்கவேண்டுமே. சனி ஞாயிறுகளில் டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றில் வேலைக்கு நின்றான். பூசைக்கு வராமல் சிகரெட்டும் பாலும் விற்றுக்கொண்டிருந்ததற்குப் பாதரிடம் பேச்சும் வாங்கினான். வீட்டில் தாயும் மகளும் ஒரே மேசையில் படித்தார்கள். ஷெரோன் தாயின் பிரெஞ்சைத் திருத்துவாள், தாய் அவளின் கணக்கைத் திருத்துவாள். முதல் தவணையிலேயே மாக்கிரட் ஒரு பாடத்தில் விழுந்தாள். அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அதே பாடத்தைத் திரும்பப் படித்தாள். நானென்றால் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடியிருப்பேன்.

படித்து முடித்ததும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் வேலை கிடைத்தது. வீடு வாங்குவோர் விற்போருக்கு உறுதிப் பத்திரம் தயாரிக்கும் வேலை. சம்பளம் என்னவென்றால், தொழிற்சாலையைவிட மணித்தியாலத்துக்கு இரண்டு டொலர் கூட. மரியதாசன் விடுவாரா? ஒரு பிள்ளையின் முதல்நன்மை விருந்தில் எல்லாருக்கும் கேட்க, "ரெண்டு டொலருக்கு மூண்டு வரியம்!" என்றார். சிரிப்பு எழும்பியது. பேனாட்டும் சேர்ந்து சிரித்தான். சாப்பாட்டை மட்டும் பாதியில் வைத்துவிட்டுக் கைகழுவினான்.

அடுத்த வருடம் அந்த உடுப்புத் தொழிற்சாலை மூடப்பட்டது. மாக்கிரட்டோடு தைத்த பெண்கள் வேலை தேடி அலைந்தார்கள். மாக்கிரட்டின் சம்பளம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அதை வைத்து 2008இல் மறுபடியும் ஒரு முற்பணம் சேர்ந்தது.

ஆனால் வங்கிக்குப் போகப் பேனாட்டுக்குக் கால் கூசியது. அவனுடைய சம்பளத்தில் பாதி காசோலை, பாதி கைக்காசு. வரியில்லாத காசென்று எங்கள் ஆட்கள் பீற்றிக்கொள்கிற அந்தக் கைக்காசு வங்கியின் கண்ணுக்குத் தெரியாது. அப்போதுதான் மரியதாசன் ஒரு வழி சொன்னார். தம்பி மேல் இருந்த பாசத்தில் சொன்னதுதான்.

"வீட்டை என்ர பேரிலை வாங்குவம். மாசக்காசை நீ கட்டு. பேந்து ஒரு நாளைக்கு உன்ர பேருக்கு மாத்துவம்."

எங்களுக்குள் எத்தனையோ வீடுகள் இப்படித்தான் வாங்கப்பட்டன. கூடப்பிறந்தவனிடம் எழுத்துக் கேட்பது மரியாதையில்லை. பேனாட் தலையாட்டப் போனான். மாக்கிரட் தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"அத்தான், நீங்கள் ஏமாத்த மாட்டியள், அது எனக்குத் தெரியும். ஆனா, 'பேந்து' எண்ட சொல்லுக்கு எந்த உறுதியிலையும் இடமில்லை. நாளைக்கு உங்களுக்கு ஏதும் நடந்தா வீடு உங்கட குடும்பத்துக்குத்தான் போகும். அப்பிடி அழுதுகொண்டு வாற சனத்தைக் கந்தோரிலை பாக்கிறன்."

மரியதாசன் தேத்தண்ணியைத் தொடவில்லை. எழுந்து போய்விட்டார்.

"என்ர அண்ணையின்ர முகத்தை முறிச்சுப்போட்டீர்!" கலியாணமான நாள் முதல் பேனாட் அவளை ஏசியது அன்றுதான்.

"வங்கிக்கு ஒருக்கா வாங்கோ," என்றாள் அவள். "அவங்கள் இல்லையெண்டு சொன்னா நானே அத்தானிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கிறன்."

வங்கியில் இருந்த பெண் மாக்கிரட்டின் சம்பளத் துண்டுகளைப் பார்த்தாள். நிரந்தர வேலை, சின்னச் சம்பளம், ஆனால் சல்லிக்காசும் விடாமல் பதிவில் இருந்தது. பேனாட்டின் பாதியையும் சேர்த்துக் கடன் தருவதாகச் சொன்னாள். மரியதாசன் நக்கலடித்த அந்த இரண்டு டொலர் வேலைதான் லவாலில் ஒரு சின்ன வீட்டின் கதவைத் திறந்தது.

கையெழுத்து நாளன்று அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் மரியதாசன்தான். மனிதருக்குக் கோபம் வந்தாலும் தங்காது. போகும்போது, "பிள்ளை, அண்டைக்கு நீ சொன்னது சரி," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து பேனாட் கேட்டதில்லை.

மாக்கிரட்டின் முதலாளியான நொத்தாரிசு எல்லார் முன்னாலும் உறுதியை உரக்க வாசித்தார். பேனாட்டுக்குத் தெரிந்தது உணவகக் குசினிப் பிரெஞ்சு. ஆனாலும் வாங்குபவர்கள் என்ற இடத்தில் தன் பெயர் முதலிலும் மாக்கிரட்டின் பெயர் அடுத்ததாகவும் வந்தது காதில் விழுந்தது. உறுதியைத் தயாரித்தவள் அவள்தானே. அவள் பக்கம் குனிந்தான்.

"உம்மட சம்பளத்திலைதானே கடன் தந்தவங்கள்? என்ர பேர் ஏன் முன்னுக்கு?"

"சீட்டு ஆர் கட்டினது?" என்றாள் மாக்கிரட்.

நொத்தாரிசு பேனையை நீட்டினார். பேனாட் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் அதை வாங்கினான்.