ஏலம் கூறுபவரின் நாக்குக்கு ஒதுக்கப்பட்ட இடம்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, தங்கள் பல் மருத்துவமனையில் என் அக்காவுக்குக் கீழ்த்தாடைப் பல்செட் ஒன்று பொருத்தப்பட்டது. அந்தப் பல்செட் இருக்கும்போது அவருடைய வாயில் நாக்குக்கு இடமில்லை. இதைத் தெரிவித்தபோது, பல்செட்டில் பிழை எதுவும் இல்லை, நாக்குதான் பெரியது என்று தங்கள் மருத்துவர் வாய்மொழியாகத் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார். இதுவே என் குற்றச்சாட்டு. நாக்கைப் பெரியது என்றவர்கள் அது யாருடைய நாக்கு என்று விசாரிக்கவில்லை. ஆகவே அதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

என் அக்கா காய்கறி மண்டியில் ஏலம் கூறுபவர். தொடக்கத்தில் தக்காளி தரம் பிரிக்கத்தான் போனார். ஒருநாள் விடியும் நேரத்தில், அப்போது ஏலம் கூறிவந்தவர் தொண்டை கட்டி வரவில்லை. லாரிகள் வரிசையில் நின்றன. வெயில் ஏறினால் சரக்கு குழைந்துவிடும். அக்கா ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறினார். அன்று ஏறியவரை இறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஏலத்தில் வேகம்தான் எல்லாம். வாங்குகிறவர் யோசிக்கத் தொடங்கினால் விலை படுத்துவிடும். அக்கா யோசிக்க விடமாட்டார். ஒருவர் கண்ணிமைத்தாலும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த விலைக்குத் தாவிவிடுவார். அதனால் மண்டியில் அவருக்குத் தந்தியக்கா என்று பெயர். கண்ணில் தூசி விழுந்த பாவத்துக்கு ஒரு லோடு பூசணியைத் தம் தலையில் கட்டிவிட்டார் என்று மொட்டைத்தலை வியாபாரி ஒருவர் இன்றும் புலம்பித் திரிகிறார். அதே மண்டியின் எடைமேடையில் வேலை செய்பவன் நான். அக்காவின் குரலை வைத்தே அடுத்து எந்தச் சரக்கு எடைக்கு வரும் என்று தெரிந்துகொள்வேன்.

ஈறு நோயால் அவருடைய கீழ்ப்பற்கள் ஆட்டம் கண்டன. எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னது தாங்கள்தான். பல் இல்லாத வாரங்களில் சொல்லுக்குப் பதிலாகக் காற்று வந்தது. பல்செட் வந்தால் சரியாகிவிடும் என்று மண்டி பொறுத்துக்கொண்டது. பல்செட்டும் வந்தது. நாக்கு நீட்டிப் படுக்க வழியில்லாமல் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. அதன் இரண்டு ஓரங்களிலும் ரம்பம் பதிந்தாற்போலத் தடம் விழுந்தது. தேதியிட்ட புகைப்படங்கள் என்னிடம் உள்ளன. மெதுவாகப் பேசினால் குறை தெரியாது. வேகமெடுத்தால் நாக்கு பல்லில் முட்டும், பல்செட் மேலெழும்பும், ஏலம் நின்றுவிடும்.

நின்ற ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு நோய் தோன்றவில்லை; குடிதான் தோன்றியது. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறார் என்று பின்வரிசையில் பேச்சு கிளம்பியது. மூன்றாம் நாள் மண்டிக்காரர் எல்லோர் முன்னிலையிலும் அக்காவின் முகத்தருகே குனிந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. ஒரு தடவ ஊது."

அக்கா ஊதினார். மண்டிக்காரர் மூக்கைச் சுருக்கினார்.

"வாசன இல்ல. அப்ப வேற என்னமோ போட்டிருக்கே."

அக்கா வாய்க்குள் விரலை விட்டுப் பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். வாய் வெறுமையானதால் பேச்சு காற்றாக வந்தாலும், எடைமேடைவரை கேட்டது.

"இதத்தான் போட்டிருக்கேன் மொதலாளி. நீங்களும் போட்டுப் பாக்கறீங்களா?"

மண்டியே சிரித்தது. ஆனால் மறுநாள் அந்தப் பெட்டிமேல் மண்டிக்காரரின் மைத்துனர் ஒலிபெருக்கியோடு ஏறி நின்றார். இந்த மாத இறுதிக்குள் வாய் சரியானால் அக்கா மறுபடி ஏறலாம்; இல்லையென்றால் தக்காளிக் கூடைக்கே திரும்ப வேண்டும் என்பது மண்டிக்காரரின் முடிவு.

என் முதல் சந்தேகம் தங்கள் மீது விழுந்தது, அதை மறைக்கவில்லை. பல்செட் பொருத்திய அதே நாளில் தங்களிடம் பல்செட்டுக்கு வந்திருந்த ஒடுங்கிய தாடைப் பெரியவரை அக்கா பார்த்திருக்கிறார். அவருக்குச் செய்தது இவருக்கு வந்துவிட்டது என்றே நம்பி, தாடை அச்சைக் காட்டும்படி தங்களுக்கு எழுதினேன். அச்சு காட்டப்பட்டது. அக்காவின் கீழ் ஈற்றில் ஒரு கோணல் உண்டு. அச்சிலும் அது இருந்தது. ஆகவே பல்செட் மாறிவிட்டது என்ற புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அச்சைக் காட்ட ஏன் ஒரு வாரம் ஆனது என்பதற்கு மட்டும் இன்றுவரை விளக்கம் இல்லை.

தாடை அச்சு சரி, பல் சரி, நாக்கும் பழைய நாக்குதான் என்றால் தவறு எங்கே நுழைந்தது? அச்செடுத்த நாளில் நாற்காலியில் நடந்தது அனைத்தையும் முதலிலிருந்து சொல்லும்படி அக்காவிடம் கேட்டேன். மெழுகு போன்ற ஒன்றைக் கீழ்த்தாடையில் வைத்து, அது இறுகும்வரை சத்தமாக எண்ணிக்கொண்டே இருக்கும்படி நர்ஸம்மா சொன்னாராம். உள்ளிருந்து நாக்கும் வெளியிலிருந்து கன்னமும் தள்ள, நடுவில் எந்த இடத்தில் மெழுகு நிற்கிறதோ அந்த இடத்தில் பல்லை அடுக்குவார்கள். முறையில் குறையில்லை, படித்துப் பார்த்துக்கொண்டேன்.

"எப்படிக்கா எண்ணினே? இப்ப எண்ணிக் காட்டு."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு எண்ணினார். தூங்கும் குழந்தையின் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல ஒரு குரல். உதடு மட்டுமே அசைந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"ஏன் இவ்வளவு மெதுவா?"

"பின்ன? அங்க எல்லாரும் கிசுகிசுன்னு பேசறாங்க. டாக்டர் வேற பக்கத்துல நிக்கறாரு. நான் போய்க் கத்தினா என்னடா நெனைப்பாங்க?"

திருமணமான முதல் மாதத்திலேயே, இது வீடா மண்டியா என்று மாமியார் கேட்டாராம். மண்டிக்கு வெளியே குரலைத் தணித்துக்கொள்ளும் வழக்கம் அன்றே தொடங்கியிருக்கிறது. எடைமேடையிலிருந்தே கேட்டுப் பழகிய எனக்கு இது தெரியாமல் போனது. ஆனால் மெழுகில் நான் அச்செடுக்கவில்லை, தாங்கள் எடுத்தீர்கள். நாக்கு தள்ளாத இடத்தில் மெழுகு உள்ளே சரிந்து நின்றது. தங்கள் பல்செட் கிசுகிசுக்கும் ஒரு பெண்ணுக்குப் பொருத்தமானது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. மறந்தீர்களா, வசதியாக விட்டீர்களா என்பதை நான் அறியேன்.

நாங்கள் மறுபடி வந்து, அக்கா ஏலம் கூறிக்கொண்டே இருக்கும்போது அந்த மெழுகு அச்சைப் புதிதாக எடுக்கும்படி கேட்டோம். இது ஆஸ்பத்திரி, அமைதி வேண்டும் என்றார் மருத்துவர்.

"அமைதியாத்தான் ஒரு தடவ செஞ்சு பாத்துட்டீங்களே டாக்டர்" என்றார் அக்கா.

மருத்துவர் சிரித்தார். நிர்வாகத்திடம் கேட்டுத் தொலைபேசியில் சொல்வதாக அனுப்பினார். அழைப்பு வரவில்லை. மாதம் முடிந்து அக்கா கூடைப் பக்கம் போய்விட்டால் கேட்க ஆளிருக்காது என்ற கணக்காகவே எனக்குப் படுகிறது.

ஆகவே கேட்கிறேன். தங்கள் மருத்துவமனை மூடியிருக்கும் ஒரு விடுமுறை நாளில், வேறு நோயாளிகள் யாரும் இல்லாதபோது, அக்கா அந்த நாற்காலியில் அமர்ந்து முழுக்குரலில் ஏலம் கூற, மெழுகு அச்சு மறுபடி எடுக்கப்படுமா? எடுக்க முடியாது என்றால் என்ன காரணம்? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். ஆளனுப்பியும் சொல்ல வேண்டாம். மாத இறுதிக்கு முன்பாக, கையொப்பமும் முத்திரையும் இட்டு, எழுத்துமூலம் பதில் தருக.